புது ஹார்ட் டிஸ்க் போட்டாச்சா? அன்றைக்கே பிளேபேக் பார்த்துவிடு

தங்கச்சி, சிசிடிவி ரெக்கார்டருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் மாற்றியவர்களுக்கு அக்கா முதலில் சொல்வது இதைத்தான்: டிவியில் நாலு கேமராவும் பளிச்சென்று தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதே. லைவ் படத்துக்கு டிஸ்க்கே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தாலும் அந்தப் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தஞ்சோங் மாலிமில் இப்போது மளிகைக் கடை, தையல் கடை, உப்சி பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடு என்று எங்கே பார்த்தாலும் கேமராதான். ஆனால் கல்லாப் பணம் காணாமல் போன பிறகுதான் பலரும் பிளேபேக் பக்கமே போகிறார்கள். டிஸ்க் மாற்றிய அன்று இரவே ஒரு மணி நேரத்துக்கு முந்தைய பதிவை ஓட்டிப் பார்த்துவிடு. மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்.

பழைய டிஸ்க்கில் இருந்த பதிவுகள் தானாகப் புது டிஸ்க்குக்கு வந்துவிடாது. போன வாரப் படம் காணோம் என்றால் அது பழுதில்லை, அது பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ரெக்கார்டர் எழுதும் முறை விண்டோஸுக்குப் புரியாது, அதனால் கேட்கிறது. தப்பித் தவறியும் சரி என்று தட்டிவிடாதே. டிஸ்க்கின் மேல் ஒரு தாளில் தேதி எழுதி ஒட்டி, ஈரம் படாத இடத்தில் எடுத்து வை.

இனி புது டிஸ்க். காலண்டரில் ஒரு நாளிலும் பதிவு அடையாளம் இல்லையா? மெனுவில் டிஸ்க் நிலையைப் பார். பல ரெக்கார்டர்கள் புது டிஸ்க்கைத் தாங்களே ஃபார்மட் செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும். அதைச் செய்து, ரெக்கார்டிங் அட்டவணையும் போட்டிருந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது கடிகாரத்தை. ரெக்கார்டரின் போர்டில் காசு வடிவத்தில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. டிஸ்க் மாற்ற மின்சாரத்தை நிறுத்தும்போது அந்த பேட்டரி செத்துக் கிடந்தால் கடிகாரம் பழைய ஏதோ ஒரு வருடத்துக்குப் போய்விடும். பதிவு நன்றாகவே நடக்கும், ஆனால் 2000ஆம் ஆண்டின் கீழே போய் உட்கார்ந்திருக்கும். நாம் இன்றைய தேதியில் தேடித் தேடி ஓய்ந்துவிடுவோம். நேர மண்டலத்தை ஜிஎம்டி +8 என்று வை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவுக்கு அதுதான் நேரம். கோடைகால நேர மாற்றம் என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்து வை. நமக்கு அது தேவையே இல்லை.

படம் வருகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது, பத்து விநாடி தாவுகிறது என்றால் அவசரப்பட்டுத் திரும்ப ஃபார்மட் செய்யாதே. முதலில் காதைக் கொடு. டிஸ்க் சுழன்று, டக்கென்று நின்று, மறுபடி சுழலும் சத்தம் கேட்டால் அடாப்டரைப் பார். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடத் தொடங்கும் அந்தச் சில விநாடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். பல வருடம் ஓடிக் களைத்த அடாப்டருக்கு அது தாங்காது. அதே வோல்ட்டில், ஆம்பியர் குறையாத புது அடாப்டர் வாங்கு. பிறகு சாட்டா கேபிள்: சிவப்பாகவோ நீலமாகவோ தட்டையாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு முனையையும் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகு. அடியில் உள்ள நாலு திருகாணியும் இறுகியிருக்கட்டும். ஆடினால் டிஸ்க் தடுமாறும். ரெக்கார்டரை சீலிங்குக்கு மேலே, காற்றே இல்லாத இடத்தில் ஒளித்து வைத்திருந்தால் கீழே இறக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் திக்கினால் டிஸ்க் வகைதான் காரணமாக இருக்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று கணினி டிஸ்க்கை வாங்கிப் போடுகிறோம். அதில் எஸ்எம்ஆர் வகை, தடங்களை ஓட்டுக்கூரைபோல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுதும். பழைய பதிவின் மேல் திரும்ப எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் திணறும். இராப்பகலாக நாலைந்து கேமரா ஒரே நேரத்தில் எழுதுவதற்கென்றே டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இருக்கின்றன. சில பத்து ரிங்கிட் கூடினாலும் அதையே வாங்கு. இதில் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய ரெக்கார்டர் என்றால் எத்தனை டெராபைட் வரை ஏற்கும் என்று கையேட்டில் பார். சிலவற்றால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. 4 டெராபைட் வாங்கிப் போட்டு, திரையில் 2 என்று காட்டினால் டிஸ்க் கடைக்காரரைத் திட்டாதே.

எத்தனை நாள் பதிவு டிஸ்க்கில் நிற்கும் என்று நீயே கணக்குப் போடலாம். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்தில் விடாமல் எழுதினால் மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு நாளுக்கு 172 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 2 டெராபைட் பதினோரு நாள்தான் வரும். அதற்கு மேல் பழைய பதிவை அழித்து எழுதும் வசதி திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்ததும் பதிவு நின்றுவிடும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்திருந்தால் நடுவில் இடைவெளி வருவது இயல்பு.

ரெக்கார்டரில் ஓடுகிறது, பென்டிரைவில் எடுத்துப் போனால் கணினியில் ஓடவில்லை என்பார்கள். படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறை அந்தக் கணினிக்குப் புரியாததாக இருக்கலாம். ரெக்கார்டர் கம்பெனியின் பிளேயரில் திற. கைபேசியில் மட்டும் திக்கினால் இணையத்தைப் பார், டிஸ்க்கைத் தொடாதே.

ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் மலைப்பக்கம் இருந்து இடியோடு மழை வரும்போது நம் ஊரில் மின்சாரம் போய்ப் போய் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் கடைசிப் பதிவின் அட்டவணை குழம்பி, அந்தப் பகுதி மட்டும் ஓடாது. சின்ன யுபிஎஸ் ஒன்று போதும்.

திருட்டு நடந்து போலீசில் ரிப்போர்ட் கொடுக்கப் போனால் படத்தை இரண்டு பென்டிரைவில் எடு, ஒன்று உன்னிடம் இருக்கட்டும். ரெக்கார்டர் கடிகாரம் சரியான நேரத்தைவிட எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்று தாளில் எழுதிச் சேர்த்துக் கொடு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின் கீழ், கணினிப் பதிவை வழக்கில் காட்டும்போது அந்தக் கருவியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் கையெழுத்திட்ட சான்றிதழ் கேட்கலாம். அதனால் டிஸ்க் மாற்றிய தேதியும் மாற்றியவர் பெயரும் உள்ள ரசீதைக் கல்லாவிலேயே வைத்திரு.