சொந்த வண்டி எடுக்கும் டிரைவரும் நாம் கொடுக்கும் வாடகையும்

மொத்தக் கடையில் மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர், "சொந்தமா ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன் முதலாளி" என்று வந்து நிற்கும்போது, நம்மில் பலர் அதை நன்றி மறந்த காரியமாக நினைக்கிறோம். அதைக் கணக்காகப் பார்ப்பதே நல்லது. நாளை நம் சரக்கு அவர் வண்டியில்தான் வந்து இறங்கப் போகிறது.

டிரைவர் முதலாளியாவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், வங்கிகள் தயங்கிய பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்தது. 2015இல் முத்ரா கடன் வந்தது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆகவே வண்டி எடுப்பது எளிது. அதைக் கையில் வைத்துக்கொள்வதுதான் கடினம்.

சம்பளத்தில் இருந்தவரை டயர், எப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கடைச் செலவு. இனி அவை அவர் தலையில். மாதத் தவணை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் ஓட்டம் கிடைத்தால் தவணைக்கு மட்டும் நாளொன்றுக்கு 750 ரூபாய் ஒதுக்க வேண்டும். 12 நாள்தான் கிடைத்தால் அதுவே 1,250 ரூபாய். டீசல் தனி. தன் கூலியைப் பலர் எழுதுவதே இல்லை. கையில் மிஞ்சியதை லாபம் என்கிறார்கள். அது பழைய சம்பளம்தான். சில மாதம் அதுவும் இராது.

மீன்சுருட்டி, சென்னை–கும்பகோணம் சாலையும் திருச்சி–சிதம்பரம் சாலையும் கூடும் ஊர். வண்டிக்கு வேலை இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் கும்பகோணத்தில் மளிகை ஏற்றப் போகும் வண்டி பெரும்பாலும் காலியாகவே போகிறது. முந்திரி சீசனில் போகும்போதும் லோடு கிடைக்கும். மற்ற மாதங்களில் ஒரு வழி வாடகையில் இரு வழி டீசல்.

இதைவிடப் பெரிய அடி நம்மிடமிருந்தே விழுகிறது. மில்லுக்குத் தவணை சொல்லிப் பழகிய வாயால் வண்டி வாடகைக்கும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறோம். பைனான்ஸ்காரர் தேதி மாற்ற மாட்டார். பங்க்கில் கடன் கிடையாது. அவர் வட்டிக்கு வாங்குவார், அல்லது கூடுதல் லோடு ஏற்றச் சம்மதிப்பார். 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகப்படிச் சரக்கை இறக்காமல் வண்டி நகராது. நடுவழியில் நிற்பது நம் சரக்கு.

எங்கள் மண்டியில் இப்போது இறக்கிய அன்றே வாடகையைக் கொடுத்துவிடுகிறோம். எந்தக் கிழமை எத்தனை மூட்டை என்று முதல் வாரமே சொல்லிவிடுகிறோம். அதே நாளில் கும்பகோணத்துக்கு முந்திரியோ காலிச் சாக்கோ அனுப்புகிறவர் உண்டா என்று பக்கத்துக் கடைகளிலும் கேட்டு, போகிற வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அந்த வாடகை அவர்களுக்கும் குறைகிறது.