பரணில் கிடக்கும் டைரியும் பழைய சிநேகமும்: சில குறிப்புகள்

பாதியில் நின்றுபோன டைரி, கட்டுப்போட்ட இன்லேண்டு கடிதங்கள், கல்லூரி நாளில் நாலு பேர் சேர்ந்து எழுதிய கையெழுத்துப் பத்திரிகை. மதுரைப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் இவை இன்னும் இருக்கின்றன. மறுபடி எழுதவும் விட்டுப்போன சிநேகிதர்களைத் தேடவும் இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை. இத்தனை வருஷம் ஏன் பேசவில்லை என்று விளக்கம் சொல்ல உட்கார்ந்தால் கடிதம் நகராது. பழைய நோட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து அனுப்பினால் நகர்ந்துவிடும்.

1. பரணிலிருந்து இறக்கியதும் உதறாதீர்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பழைய வேட்டியை விரித்து, நிழலில் காற்றாட ஒரு நாள் வையுங்கள். மதுரை வெயிலில் காயப்போட்டால் ஈரம் போகும். கூடவே மையும் வெளுக்கும், மடிப்பில் தாள் ஒடியும். மெல்லிய பிரஷால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசியைத் தள்ளுங்கள். துருவேறிய ஸ்டேப்ளர் பின்னை இழுக்காமல், பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கட்டுவதற்குப் பருத்தி நாடாவே நல்லது.

2. வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் இராமபாணப் பூச்சிக்குத் தாளும் பசையும்தான் சாப்பாடு. வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை, கருஞ்சீரகம் ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, கொஞ்சம் கற்பூரம் சேர்த்து மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டுங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இந்த முறைதான். பொட்டலம் தாள்மேல் படாமல் பெட்டி மூலையில் இருக்கட்டும். வாசம் போனதும் மாற்றிவிடுங்கள்.

3. கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பழுப்பேறி, கீழே இருக்கும் எழுத்தையும் கெடுத்துவிடும்.

4. ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். இன்லேண்டின் மடிப்புக்குள்ளும் ஓரத்தில் தலைகீழாகவும் எழுதியிருப்பார்கள். அவசரமான சேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முகவரிப் பக்கத்தையும் விடாதீர்கள். தேதி போடாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் ஊரும் நாளும் சொல்லும்.

5. டைரியைப் புது நோட்டில் ஆரம்பிக்காதீர்கள். நின்ற இடத்துக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, இன்று வீட்டில் என்ன குழம்பு, வைகையில் தண்ணீர் வந்ததா என்று நாலு வரி எழுதினால் போதும். நடுவில் விட்டுப்போன வருஷங்களை நிரப்பப் பார்த்தால் கை சோர்ந்துவிடும்.

6. பழைய முகவரியில் மாவட்டத்தைச் சரிபாருங்கள். ‘மதுரை மாவட்டம்’ என்று எழுதியிருக்கும் பழனியும் வத்தலக்குண்டும் 1985 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. போடியும் பெரியகுளமும் 1990களில் தேனி மாவட்டத்துக்குப் போயின. பின்கோடு 1972இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கடிதங்களில் இருக்காது, தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையின் ஆறு இலக்க வீட்டு போன் நம்பருக்கு முன்னால் 2 சேர்த்து, 0452 போட்டு ஒரு முறை முயலலாம். யாராவது எடுத்தால் அதிர்ஷ்டம். எடுக்காவிட்டால் பள்ளி, கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் விசாரியுங்கள். சிநேகிதர் குடியிருந்த தெருவின் மளிகைக்கடையையும் டெய்லரையும் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும் என்பது என் எண்ணம்.

7. முதல் கடிதம் இன்லேண்டைத் தாண்ட வேண்டாம். “ஏ புள்ள, நல்லாருக்கியா? பரணைச் சுத்தம் பண்ணினேன். தெப்பக்குளத்துப் படியில உன் செருப்பு அறுந்துபோய், நாம வெறுங்காலோட வீடு வந்ததை நீ எழுதின கடுதாசி கிடைச்சது. என் நம்பர் கீழே இருக்கு. பிறகு உன் இஷ்டம்.” இவ்வளவுதான். கூடவே அந்தப் பழைய கடிதத்தின் நகலை வைத்து அனுப்ப விரும்பினால் கவர்தான் வாங்க வேண்டும். இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. அனுப்புநர் முகவரியை மறக்காமல் எழுதுங்கள். ஆள் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும், அதுவும் ஒரு தகவல்தான்.

8. கடிதத்தை மகனோ மருமகளோ பிரித்துப் படிக்கலாம். பழைய காதல், கொடுத்த கடன், இன்னொருவரைப் பற்றிய மனத்தாங்கல் எதையும் முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். வீட்டுக்காரர் நலமா என்று கேட்பதற்கு முன் பொதுவான ஒருவரிடம் விசாரித்துவிடுவது நல்லது.

9. சந்திப்பதென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல், வண்டியூர் தெப்பக்குளம். உட்கார இடமும் காற்றும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலில் சந்திப்பதானால், உள்ளே 2018 முதல் செல்போனுக்குத் தடை. ‘உள்ளே போய் போன் பண்றேன்’ என்பது நடக்காது. முக்குறுணி விநாயகர் சன்னதி, பொற்றாமரைக் குளத்துப் படி என்று இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூர் சிநேகிதர்கள் வருவார்கள். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று முழங்கால் வலிக்காரர்களை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகாதீர்கள்.

10. தேடிப் போகும்போது, சிநேகிதர் காலமாகிவிட்டார் என்று தெரியவரலாம். அப்போது கடிதங்களை மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். இடைசெவல் கிராமத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். 1970இல் அழகிரிசாமி மறைந்தார். அவர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் அவை பின்னாளில் புத்தகமாகவே வந்தன. நம் வீட்டுக் கடிதங்களில் இலக்கியம் இருக்க வேண்டியதில்லை. இருபது வயதில் அப்பா எப்படி எழுதினார், எதற்குச் சிரித்தார் என்று காலமான சிநேகிதரின் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. படமெடுத்த பக்கங்களைப் பிரிண்ட் போட்டு, முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தைப் புண்படுத்தக்கூடியவை உங்களிடமே இருக்கட்டும். தேதியும் அன்றைய சூழலும் கொடுக்கும் தாளின் பின்னால் பென்சிலில் இருந்தால் அவர்களுக்குப் புரியும்.

11. பதில் வராவிட்டால் உடனே இன்னொரு கடிதம் வேண்டாம். பொங்கலுக்குக் கையால் எழுதிய ஒரு வாழ்த்து அட்டை போதும். அதில் போன கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதீர்கள்.