உலர்துறையில் நிற்கும் மயக்கம்: எட்வர்டு வாட்ஸ்வொர்த்தின் கப்பல் ஓவியம்

எட்வர்டு வாட்ஸ்வொர்த் 1919இல் தீட்டிய, லிவர்பூல் உலர்துறைக் கப்பல்களைக் காட்டும் பேரோவியம் ஒட்டாவாவிலுள்ள கனடா தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. சுமார் 3 மீட்டர் உயரமுடைய இது, போர்க்கால உருமறைப்பின் பதிவு எனப் பொதுவாகச் சுட்டப்பெறும். இக்கருத்து மீளாய்வுக்குரியது.

முதற்கண் சொல்லே இடர் தருகிறது. ‘உருமறைப்பு’ என்பது மறைத்தலைச் சுட்டும். 1917இல் நார்மன் வில்கின்சன் பிரித்தானியக் கடற்படைக்கு முன்மொழிந்த முறையோ எதனையும் மறைக்கவில்லை. நீர்மூழ்கியிலிருந்து குண்டு எய்பவன், கப்பல் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி எய்வதில்லை. குண்டு சென்றடையும் நேரத்தில் அது எங்கிருக்கும் எனக் கணித்தே எய்வான். அதற்குக் கப்பலின் திசை, வேகம், தொலைவு ஆகியன தெரிதல் வேண்டும். முரண்பட்ட பட்டைகளும் கோணங்களும் அக்கணிப்பையே, சிறப்பாகத் திசைக் கணிப்பையே, குலைக்க முயன்றன. கப்பல் தெரியும், ஆனால் பிறழத் தெரியும். மணிமேகலை கூறும் அளவைக் குற்றங்களுள் ‘திரியக்கோடல்’ இதற்கு மிக அணுக்கமானது. எனவே ‘மயக்குவண்ணம்’ என வழங்குதலே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இம்முறை உண்மையில் எத்தனை கப்பல்களைக் காத்தது என்பது ஐயமற நிறுவப்படவில்லை.

புத்தோவியர் தம் பாணியைக் கப்பல்களில் தீட்டினர் என்பதும் பிழைபட்ட கூற்றே. வில்கின்சன் மரபுவழிக் கடற்காட்சி ஓவியர். வடிவமைப்புகள் இலண்டன் ராயல் அகாதமியில் உருவாயின. அங்குச் சிறு மாதிரிக் கப்பல்களுக்கு வண்ணம் பூசி, நீர்மூழ்கியின் பார்வைக்குழாய் வழியே நோக்கிச் சோதித்தனர். வோர்டிசிச இயக்கத்தவரான வாட்ஸ்வொர்த் துறைமுகத்தில் வண்ணப்பூச்சை மேற்பார்வையிட்டவரே.

அப்பணி அவருக்கு அளித்த பார்வைக்கோணமே ஓவியத்தின் சிறப்பு. மயக்குவண்ணம் செயற்படக் கடல் வேண்டும். தொலைவும் இயக்கமும் வேண்டும். ஓவியத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நீர் வடிந்த துறையில் கப்பல் அசையாது ஓங்கி நிற்க, அதன்முன் தொழிலாளர் சிற்றுருவினராய்ப் பணிபுரிகின்றனர். ஏமாற்றுக்குரிய பகைவன் இங்கு இல்லை, பூசுவோர் உளர். இவ்வோவியம் காட்டுவது மயக்கத்தை அன்று, மயக்கம் செய்யப்படும் முறையை. எனினும் அப்பட்டைகள் துறையின் பிற கோடுகளோடு பின்னி நம் கண்ணைத் தடுமாறச் செய்கின்றன. ஆயின் அது வண்ணம் பூசியவரின் வினையன்று, சட்டகத்துள் அவற்றை நெருக்கி அமைத்த ஓவியரின் வினை. 1918இல் இதே பொருளில் அவர் செய்த மரச்செதுக்கு அச்சோவியங்கள் இதற்குச் சான்று. கப்பல்களில் நீலமும் பச்சையும் சாம்பலும் இருந்தன. அவர் கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே எடுத்துக்கொண்டார்.