புதுவேலை பெறாத கணிப்பொறி

வைகைப் பாசனத்துக் கடைமடை உழவன், வயலுக்கு நீர் வாராத நாளில், எடுத்த எடுப்பிலே கண்மாயைக் குறைகூறான். மண்வெட்டியைத் தோளிலிட்டுத் தன் வயல்மடையை முதலிற் பார்ப்பான். பின்னர்க் கால்வழியே மேலேறுவான். கண்மாயைச் சென்று காண்பது ஈற்றிலேதான். மாணவ நண்பர்காள்! கணிப்பொறிக்கும் இம்முறையே ஏற்றதென்பதை யான் பட்டறிந்து கூறுகின்றேன்.

'பாயிங்க்' என்னும் மென்பொருளை நம்மிற் சிலர் அறிவர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் டேவிட் ஆண்டர்சன் என்பார் 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது அது. ஆராய்ச்சிக்குரிய பெருங்கணக்கைச் சிறு கூறுகளாக்கி, இல்லங்களில் வாளா இருக்கும் பொறிகட்கு அனுப்பி, விடையைத் திரும்பப் பெறுவதே அதன் தொழில். இதன் பயன் சிறிதன்று. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி 2007-இல் பதிந்த குறிப்புகளுள் மறைந்திருந்த துடிப்பு விண்மீன் ஒன்றை, 2010-இல், 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' திட்டத்தின் வழியே வெளிப்படுத்தியவை, அயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் இருந்த தன்னார்வலர் கணிப்பொறிகளே.

சென்ற கோடையில் எனது பொறி ஐந்து நாள் புதுவேலை பெறாது கிடந்தது. பொறுமையிழந்து திட்டத்தை மீளமைத்தேன். புதுவேலை வந்ததோ? இல்லை. முக்காற்பங்கு முடிந்திருந்த மூன்று வேலைகள் அழிந்ததே கண்ட பலன். அவற்றை வேறொருவர் முதலிலிருந்து செய்தல்வேண்டும். அதன் பின்னரே 'ஈவண்ட் லாக்' என்னும் நிகழ்ச்சிக் குறிப்பைத் திறந்தேன். (கண்ட்ரோல், ஷிப்ட், ஈ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் அது தோன்றும்.) பரீட்சைக்கு முன் யானே 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்னும் கட்டளையைத் தந்து மறந்த செய்தி அங்கே ஐந்து நாளாக எழுதப்பட்டுக் கிடந்தது! என் வயல்மடையை யானே அடைத்துவிட்டு ஊர்க்கண்மாயை ஏசிய கதையாயிற்று.

ஆகவே முதலிற் குறிப்பைப் படித்தல் வேண்டும். 'வேலை தேவையில்லை' என்றிருப்பின், கையிருப்பு போதுமென்பதே பொருள், அது பழுதன்று. மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது கணக்கிடுதல் நிறுத்தப்படுவது இயல்பான அமைப்பு. மின்வெட்டு மிகுந்த நாட்களில் இதனை நினைவிற் கொள்க. சேமிப்பிடம் சினிமாப் படங்களால் நிறைந்திருப்பினும் வேலை வாராது. எத்துணை இடம் குறைகின்றதென்பதையும் குறிப்பே கூறிவிடும்.

இனிக் கால்வாய். முடித்த விடைகள் இணையக் கோளாற்றால் அனுப்பப்படாது தேங்கி, செயலகக் கருக்களின் எண்ணிக்கையில் இருமடங்கை மிஞ்சின், மென்பொருள் புதுவேலை கேளாது. பழையது வெளியேறினாலன்றிப் புதியது புகாது.

இவையெல்லாம் செவ்வனே இருந்தும் வாராதாயின், கண்மாயே வறண்டிருக்கலாம். அஃதாவது திட்டத்தாரிடமே அப்போது வேலை இல்லை. இந்நிலையில் 'அப்டேட்' விசையை ஓயாது அழுத்துவது வீண். இரு வேண்டுகோள்கட்கு இடையே இவ்வளவு நேரம் கழியவேண்டுமென அவர்தம் பொறி வரையறுத்துள்ளது. சில கண்மாய்கள் என்றைக்குமே நிரம்பா. புறவுலக அறிவுயிர்களைத் தேடி 1999-இல் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்', 2020 மார்ச்சு 31-ஆம் நாளோடு வேலை அனுப்புவதை நிறுத்திற்று. அதனையே இன்றும் நம்பியிருப்பவர் வேறொரு திட்டத்திற் சேர்வதே தக்கது.

எனது பொறியோ, அக்கட்டளையை நீக்கிய சில நிமிடங்களில் இரண்டு வேலைகளைப் பெற்றுக்கொண்டது.