சரியான விடை மட்டும் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், மதிப்பெண்களின் சராசரி காணும் செயற்கூறு ஒன்றைப் பைத்தானில் எழுதினார். விடை சரியாக வந்தது. முழு மதிப்பெண் அளித்தேன். அதையே எங்கள் பள்ளியின் தேர்வுப் பட்டியலுக்குப் பயன்படுத்தினோம். தேர்வுக்கு வராத ஒருவருக்கு எண்ணுக்குப் பதில் ‘வரவில்லை’ என்று உள்ளிட்டதும் நிரல் நின்றுவிட்டது. அதுவரை பதிந்தவையும் அழிந்தன. இரவு வரை அமர்ந்து மீண்டும் பதிந்தோம். தவறு மாணவருடையதன்று, நான் கொடுத்த வினாவில்தான் இருந்தது.

நிரல் என்ன செய்ய வேண்டும் என்பது செயல்சார் தேவை. எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாக, எத்தகைய பாதுகாப்புடன் செய்ய வேண்டும் என்பவை செயல்சாரா தேவைகள். மென்பொருள் கூறு ஒன்று பல இடங்களில் மறுபடியும் பயன்படுவதால், அதற்கு இவை மிக முக்கியம்.

இதை விளக்க, ஏரியான் 5 ராக்கெட்டின் கதையை வகுப்பில் சொல்கிறேன். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து புறப்பட்ட அது, சுமார் 40 நொடிகளில் சிதறியது. காரணமான மென்பொருள் கூறு, ஏரியான் 4-இல் நன்றாக இயங்கியதே. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அது தொடர்பான 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது, மதிப்பு 32,767 என்ற எல்லையைத் தாண்டியது. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தை மீறக் கூடாது என்பதற்காக, ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு தரப்பட்டிருந்தது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள். எனவே அதுவும் அவ்வாறே செயலிழந்தது. ஒரு தேவையைக் காக்க இன்னொன்றை விட்டுக்கொடுத்தால், அந்த முடிவைப் புதிய சூழலில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதே பாடம்.

இப்போது செய்முறை வகுப்பில் விடைக்கு முன் நான்கு வினாக்கள் கேட்கிறேன்:

1. எத்தனை நொடிக்குள் முடிய வேண்டும்?
2. தவறான உள்ளீடு வந்தால் என்ன ஆகும்?
3. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம்?
4. வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

‘வேகமாக’ என்று எழுதினால் ஏற்பதில்லை. ‘40 பேர் பட்டியல் 2 நொடிக்குள்’ என்று அளக்கத்தக்கதாக எழுத வேண்டும்.

தொடக்க வகுப்பிலும் இதைத் தொடங்கலாம். தண்ணீர் பாட்டிலைக் காட்டி, “தண்ணீர் பிடித்தால் மட்டும் போதுமா?” என்று கேளுங்கள். “பையில் ஒழுகக் கூடாது”, “நானே திறக்க வேண்டும்” என்று குழந்தைகளே அடுக்குவார்கள்.