பூண்டுக் குழம்பும் பேட் கணக்கும்

காலையில் வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போய், சாயங்காலமே வீடு திரும்பிவிடக்கூடிய சின்னச் சிகிச்சை அது. டி அண்ட் சி என்று டாக்டர் எழுதுவார். கர்ப்பப்பையைக் கழுவியாச்சு என்று வீட்டில் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். ஜாசின், பெம்பான், மெர்லிமாவ், செலண்டார் பக்கத்துப் பெண்கள் பலர் இதற்காக மலாக்கா டவுனுக்குப் போய் வருகிறார்கள்.

அப்படிப் போனவள் திரும்பி வந்து காரை விட்டு இறங்குவதற்குள் அம்மா பூண்டு உரித்து வைத்திருப்பார். மாமியார் வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சியிருப்பார். பக்கத்து வீட்டு மாக்சிக் ஜாமு பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருப்பார். இந்த அக்கறையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அது பார்க்கிற இடம் தப்பு. அவள் என்ன சாப்பிட்டாள், தலைக்கு ஊற்றிக்கொண்டாளா, காற்றாடிக்குக் கீழே படுத்தாளா என்று வீடே கணக்கு வைக்கிறது. இன்றைக்கு எத்தனை பேட் மாற்றினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

“கெட்ட ரத்தம் போகட்டும், தடுக்காதே”

நான் அதிகம் அஞ்சுவது இந்த நம்பிக்கைக்குத்தான். கர்ப்பப்பைக்குள் கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று தேங்கிக் கிடப்பதில்லை. சிகிச்சைக்குப் பிறகு வருவது, சுரண்டி எடுத்த உள்சவ்வின் புண்ணிலிருந்து கசிகிற சாதாரண ரத்தம். உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். அது அதிகமாகப் போனால் ஆளுக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை.

சாதாரணமாக எப்படி இருக்கும்? முதல் சில நாள் மாதவிலக்கு போலவோ அதைவிடக் குறைவாகவோ போகும். பிறகு நிறம் பழுப்பாகும், துளித்துளியாகக் குறையும். இரண்டு நாள் நின்று மூன்றாம் நாள் லேசாகத் தலைகாட்டலாம். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் வரை இப்படி இருக்கும். அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி முதல் ஓரிரு நாள் இருந்து அடங்கிவிடும். பெனடோல் பெரும்பாலும் போதும். போன்ஸ்தான் கொடுத்திருந்தால் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். அல்சரோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் அதைக் கொடுக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய்யலாம். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பேட் மாற்றும்போதெல்லாம் மணியை எழுதுங்கள். பக்கத்தில் பாதி, முழுசு என்று ஒரு சொல். ‘காலை 7 – பாதி. 11 – பாதி. 4 – கறை மட்டும்.’ இப்படிப் போனால் நிம்மதியாகத் தூங்கலாம். ‘இரவு 9 – முழுசு. 10 – முழுசு. 11 – முழுசு’ என்று போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஒரு பெரிய பேட் முழுக்க நனைவது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் அது அவசரம். எலுமிச்சை அளவுக்கு ரத்தக் கட்டிகள் விழுந்தாலும், எழுந்தால் கண் இருட்டினாலும், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலும், நாற்றத்தோடு நீர் போனாலும், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி ஏறினாலும் அப்படியே. ஜாசின் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். மயக்கம் வருகிறவளை மோட்டாரின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். வழியில் கை நழுவினால் இன்னொரு விபத்து. அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘நிறைய போச்சு டாக்டர்’ என்று சொல்வதைவிட அதில் அவருக்கு விஷயம் அதிகம்.

“ரத்தமே வரல, உள்ளே கட்டிக்கிச்சு”

முதல் நம்பிக்கையின் மறுபக்கம் இது. கர்ப்பப்பையை ஏற்கெனவே காலி செய்துவிட்டதால் சிலருக்கு இரண்டாம் நாளே கசிவு நின்றுவிடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் நின்று, அடிவயிற்று வலி மட்டும் கடுமையாக ஏறினால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் இந்தப் பயத்தில்தான் வயிறு தடவுகிற பாட்டியும் உருட் மாக்சிக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். கை, கால், தோள் பிடித்துவிடட்டும், சுகமாக இருக்கும். அடிவயிற்றை அழுத்தி இறக்குவது, ஏற்றுவது மட்டும் வேண்டாம். உள்ளே ஆறிக்கொண்டிருப்பது புண். சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கும் துங்கு பற்றிக் கேட்பார்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் வலிக்கு நல்லதுதான். அதற்குக் கல் தேவையில்லை, வெந்நீர்ப் பை போதும். மயக்க மருந்தின் அசதி இன்னும் விலகாத உடம்பில் சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகும் என்பதால் முதல் நாள் எச்சரிக்கை வேண்டும். வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டுவதால் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலன் எதுவும் இல்லை. மூச்சு விட முடிகிற அளவுக்குக் கட்டினால் கெடுதலும் இல்லை.

கண்டிப்பாகக் கூடாத ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்பதும் நம்மவர்கள் மாசிக்காய் என்பதும் ஒரே பொருள். அதை அரைத்து உள்ளே வைத்தால் எல்லாம் இறுகி ஆறிவிடும் என்று சொல்கிறார்கள். சிகிச்சையின்போது கர்ப்பப்பை வாயை விரித்திருப்பார்கள், அது முழுதும் மூடச் சில நாள் ஆகும். அந்த நேரத்தில் உள்ளே வைக்கிற எதுவும் கிருமிக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகிற வேலைதான். டாம்பூனும் இதில் சேர்த்தி, தாம்பத்தியமும் சேர்த்தி. டாக்டர் சொன்ன நாள்வரை, குறைந்தது ரத்தம் முற்றிலும் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். குளத்திலும் நீச்சல் தொட்டியிலும் இறங்குவதும் அப்புறம்தான்.

“தலைக்கு ஊற்றினால் சன்னி கண்டுவிடும்”

கண்டுவிடாது. அன்று மாலையே குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம். பச்சைத் தண்ணீரா வெந்நீரா என்பது அவரவர் விருப்பம். தலைசுற்றல் இருந்தால் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளிப்பது நல்லது. காற்றாடியும் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

“முட்டை, இறால் கரப்பான், பப்பாளி வேண்டவே வேண்டாம்”

பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப் புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு. சாப்பிடட்டும். எதை நிறுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். ரத்தம் இழந்த உடம்புக்குப் புரதமும் இரும்புச் சத்தும் தேவை. அந்த நேரம் பார்த்து முட்டையையும் மீனையும் இறைச்சியையும் நிறுத்தி வெறும் ரசச் சோறு கொடுத்தால் புண் ஆறுவது தள்ளித்தான் போகும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இறாலைத் தவிர்த்தால் போதும்.

பப்பாளிக்குக் கிடைத்த கெட்ட பெயர் கர்ப்பிணிகள் விஷயத்தில் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பி. கணேசன் அடைக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் சோதித்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுத்த பப்பாளி தின்ற கர்ப்ப எலிகளுக்குத் தீங்கு தெரியவில்லை. பச்சைக் காயின் பால்தான் எலியின் கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு அந்தப் பயமும் கிடையாது. பழுத்த பப்பாளியில் உள்ள வைட்டமின் சி, இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கொல்லையில் பழுத்துத் தொங்குவதை அணிலுக்கு விட வேண்டாம்.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதைத் தேத்தண்ணியோடோ கோப்பியோடோ விழுங்காதீர்கள். சத்தை உடம்பில் சேரவிடாமல் அவை தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போகும், அது மாத்திரையின் வேலை.

ஜாமு, மாஜுன் வகையறா பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் டி (T) எழுத்து வருகிற பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துகளுக்கு நம் அரசு தரும் எண் அது. எண் இல்லாத பொருட்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. எண் இருந்தாலும், டாக்டர் கொடுத்த மாத்திரை முடியும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

“நாற்பத்து நாலு நாள் படு” / “ஒரு நாள் எம்.சி போதும்”

ஒரே வீட்டில் இரண்டையும் கேட்கலாம். பிரசவப் பத்தியத்தை அப்படியே இதற்கும் நீட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மறுநாள் விடியற்காலை செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டையைத் தூக்கவோ, பத்து பெரெண்டாம் ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்கவோ கிளம்புகிறவள் இன்னொரு பக்கம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு ஓய்வு என்பது சம்பள வெட்டு.

மருத்துவம் சொல்வது இவ்வளவுதான். மயக்க மருந்து கொடுத்த பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. அன்றிரவு வீட்டில் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வீட்டுக்குள் அன்றே எழுந்து நடமாடலாம், நடமாடுவதும் நல்லது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் ஓரிரண்டு நாளில் திரும்பிவிடுகிறார்கள். உர மூட்டை, மருந்தடிக்கும் தொட்டி, பால் வாளி போன்ற பாரம் தூக்குகிறவர்கள் ரத்தம் நன்றாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எம்.சி எழுதும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். ஆனால் கர்ப்பம் 22 வாரமாவது ஆகியிருந்தால்தான் அது பொருந்தும். அதற்கு முன் கரு கலைந்தால் கிடைப்பது நோய் விடுப்பு. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கென்று தனியாக 60 நாள்வரை உண்டு. ‘மூணு மாசம்தானே, லீவு கிடையாது’ என்று மேற்பார்வையாளர் சொன்னால், பேறுகால விடுப்பு வேறு, நோய் விடுப்பு வேறு என்று சொல்லி எம்.சி-யை நீட்டுங்கள். சம்பளத்தோடு கிடைக்க வேண்டிய விடுப்பு அது.

“இனிமே தங்காது” என்பதும், “கலைச்சுட்டா” என்பதும்

இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். தானாகக் கலைந்த கருவின் மிச்சத்தை எடுக்க இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். அளவுக்கு மீறிய மாதவிலக்குக்கும் செய்கிறார்கள். மாதவிலக்கு நின்றுபோன அறுபது வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று ரத்தம் பட்டால், புற்றுநோயா என்று பார்க்கச் சதை எடுப்பதற்கும் இதுவேதான். கல்யாணமாகாத பெண் இந்த வார்டுக்குப் போனாள் என்றதும் லயத்து வாசலில் பேச்சு கிளம்புகிறதே, அந்தப் பேச்சுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

கரு கலைந்ததற்குக் காரணம் தேடி மோட்டார் சவாரியையும் மாடிப்படியையும் அன்னாசியையும் கூண்டில் ஏற்றுவார்கள். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்கு, கரு உருவாகும்போதே குரோமோசோமில் நேர்ந்த பிழைதான் காரணம். அவள் எதைச் செய்திருந்தாலும், செய்யாமல் இருந்திருந்தாலும் அது மாறியிருக்காது. இதை அவளிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், கணவன் சொன்னால் இன்னும் நல்லது. அழுகை வாரக்கணக்கில் நிற்காமல், தூக்கமும் பசியும் போனால் மெரோயான் என்று முத்திரை குத்தி போமோவிடம் கூட்டிப்போக வேண்டாம். கிளினிக்கில் சொல்லலாம், சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண்ணிலும் பேசலாம்.

இனி முதலாவது. இந்தச் சிகிச்சையை ஒரு முறை செய்ததால் கர்ப்பப்பை பலம் இழந்துவிடாது. உள்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஆஷர்மன் கோளாறு உண்மைதான், ஆனால் ஒரு முறை செய்தவர்களுக்கு அது அரிது. திரும்பத் திரும்பச் சுரண்டும்போதுதான் வாய்ப்பு கூடுகிறது. மாதவிலக்கு நாலிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பும். எட்டு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் காட்டுங்கள். ஆனால் கருமுட்டை இரண்டு வாரத்திலேயே வெளியாகலாம். ‘இன்னும் குளிக்கலையே’ என்ற தைரியத்தில் இருந்து, அடுத்த கர்ப்பத்தோடு வருகிறவர்கள் உண்டு.

ஆறு மாதம் கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையும் இப்போது தளர்ந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், கரு கலைந்து ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்கு அடுத்த கர்ப்பம் மற்றவர்களைவிட நன்றாகவே அமைந்திருந்தது. விதிவிலக்கு, ‘மோலார்’ எனப்படும் முத்துப்பிள்ளை கர்ப்பம். அதில் ரத்தப் பரிசோதனை சுத்தமாகி டாக்டர் சரி என்று சொல்லும்வரை கருத்தரிக்கவே கூடாது.

கரு கலைந்தவளின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று வீடு திரும்புமுன் கேட்டுவிடுங்கள். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது.

“தீட்டு கழியட்டும், அப்புறம் போகலாம்”

மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதில் மருத்துவத்துக்குக் கருத்து கிடையாது. ஆனால் இதே கணக்கில் மறுபரிசோதனைத் தேதியையும் தள்ளிப்போடுகிறார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். முத்துப்பிள்ளையா, புற்றுநோயின் ஆரம்பமா, ஒன்றுமில்லையா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் தொடர் வருகைக்குக் குடிமக்களிடம் வாங்குவது 5 வெள்ளி. அட்டையில் எழுதிய தேதியில் போய், ‘சதைப் பரிசோதனை ரிசல்ட் வந்துடுச்சா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள். இன்னும் வரவில்லை என்றால் எந்த எண்ணில் விசாரிக்க வேண்டும் என்று கேட்டு, அதே அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.