சராசரியும் இடைநிலையும்

சராசரி என்னும் சொல்லை நாம் வகுப்பறையில் மட்டுமன்றித் தோட்டத்திலும் கடைத்தெருவிலும் கேட்கிறோம். பல எண்களைக் கூட்டி, அவை எத்தனை எண்களோ அத்தொகையால் வகுத்தால் கிடைப்பது சராசரி. கணக்கு எளிது, அதன் பொருளை உணர்வதே சற்று அரிது.

ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுவோர் ஐவர் ஒரே நாளில் கொணர்ந்த பால் 22, 24, 25, 26, 48 கிலோ என வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 145, ஐந்தால் வகுக்கச் சராசரி 29. ஆனால், 29 கிலோ கொணர்ந்தவர் ஒருவருமிலர்! நால்வர் அதற்குக் குறைவாகவே கொணர்ந்துள்ளனர். ஐந்தாமவருக்கு வாய்த்தவை நன்கு பால் சுரக்கும் மரங்கள், நிலமும் சமதரை. மற்றவர்களோ மேட்டில் ஏறி இறங்க வேண்டும். அவர்களுடைய மரங்களும் முதியவை. சராசரியை எட்டாதவர் சோம்பேறி என எவரேனும் உரைப்பின், அது பாடுபட்ட நால்வருக்கும் இழைக்கும் அநீதியன்றோ?

இத்தகைய இடங்களில் இடைநிலை நமக்குத் துணைபுரியும். எண்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுத்தால் அதுவே இடைநிலை. இங்கு அது 25. கடைசி எண் 48க்குப் பதில் 80 ஆயினும் இடைநிலை அசையாது, சராசரியோ 35.4க்குத் தாவிவிடும். (நடுவில் இரண்டு எண்கள் நின்றால், அவ்விரண்டின் சராசரியைக் கொள்க.)

நாட்டுக் கணக்கும் இவ்வாறே. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் மாத மொத்த வருமானம் சராசரியாக 8,479 ரிங்கிட். இடைநிலையோ 6,338 ரிங்கிட்தான். அதாவது, குடும்பங்களில் பாதி 6,338 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானத்தில் வாழ்ந்தன. மிகுந்த வருமானமுடைய சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றனர். செய்தித்தாளில் சராசரியை மட்டும் கண்டு, நாம்தாம் பின்தங்கிவிட்டோமோ எனப் பெற்றோர் மனம் சோர வேண்டியதில்லை.

எதனால் வகுத்தார்கள் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். 30 நாள் கொண்ட மாதத்தில், மழை நாளும் ஓய்வு நாளும் போக, ஒருவர் 24 நாள் உழைத்து 600 கிலோ பால் எடுத்தார் எனில், நாளொன்றுக்குச் சராசரி எவ்வளவு? 30ஆல் வகுத்தால் 20. 24ஆல் வகுத்தால் 25. இரண்டும் சரியான கணக்கே. வீட்டுச் செலவைத் திட்டமிடும் தாய்க்கு முதலாவது பயன்படும். ஒரு நாள் உழைப்பை அளப்பதற்கு இரண்டாவதே பொருந்தும். இரண்டையும் கலந்து பேசினால்தான் வாக்குவாதம் மூளும்.

பயிற்சி: உங்கள் வீட்டில் கடந்த ஆறு மாத மின்கட்டண ரசீதுகளைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அவற்றின் சராசரியையும் இடைநிலையையும் காண்க. இரண்டும் வெகுவாக வேறுபட்டால், எந்த மாதக் கட்டணம் அதற்குக் காரணம் என்பதைக் கண்டறிந்து, அம்மாதம் வீட்டில் என்ன நிகழ்ந்தது என அம்மாவைக் கேட்டு எழுதுக.